வரிக்கு வாரிசு உண்டு, நட்டத்துக்கு இல்லை

முடிச்சூர் சாலையில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பெயர் வைத்தால் உடனே ஜிஎஸ்டி நம்பர் என்ன என்று கேட்பார்கள். கடைக்கு மூன்று பங்குதாரர்கள்: அத்தான், மைத்துனர், அக்கா. அத்தான் விடியற்காலையில் சரக்கெடுக்கப் போகிறவர். மைத்துனர் பில், டெலிவரி, கடன் வசூல். அக்கா மத்தியானம் இரண்டு மணியிலிருந்து விளக்கேற்றும் நேரம் வரை கல்லாவில் உட்காருகிறவள். பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் அத்தானும் மைத்துனரும் 'ஒர்க்கிங் பார்ட்னர்'. அக்கா 'ஸ்லீப்பிங் பார்ட்னர்'. அந்தக் கடையில் மத்தியானம் கண்ணயராத ஒரே ஆள் அவள்தான்.

பத்திரத்தில் இன்னொரு வரியும் உண்டு. லாப நஷ்டங்களை மூவரும் சமபாகமாக அடைந்துகொள்ள வேண்டியது என்று. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபத்திலும் சமபங்கு, நட்டத்திலும் சமபங்கு. கடன்காரன் வந்தால் மூவரில் யார் கையில் காசு இருக்கிறதோ அவரிடமே முழுக் கடனையும் வாங்கிக்கொள்ளலாம். கடையில் இல்லையென்றால் வீட்டில். வீட்டில் இல்லையென்றால் அக்காவின் வளையலில். கடை வேறு, ஆள் வேறு என்ற பேச்சே அங்கே கிடையாது.

ஆக, வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்துக்குக் கடையும் கடைக்காரனும் ஓருடல். சுத்த அத்வைதம்.

இந்தக் கடையின் நட்டத்தை நம் சொந்த வருமான வரிச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று இனிப் பாருங்கள். ஒரே ராத்திரியில் அது துவைதமாகிவிடும்.

*

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏரியாயின. தெருவில் படகு போனது. அரிசி மூட்டை ஊறி, பருப்பு முளைவிட்டு, சோப்பு கரைந்து, கடையே ஒரு பெரிய அண்டாக் கஞ்சியானது. அந்த ஆண்டுக் கணக்கில் நட்டம்.

நட்டத்தை என்ன செய்யலாம் என்று கேட்டால் சட்டத்திடம் பதில் இருக்கிறது: எட்டு ஆண்டுகள் சுமந்துகொண்டு போகலாம். வருகிற லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். கருணையான ஏற்பாடு. ஆனால் அந்த எட்டு ஆண்டுகள் எவை என்று எண்ணிப் பாருங்கள். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. 2020 மார்ச்சில் ஊரடங்கு. நடுவே பக்கத்துத் தெருவில் பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொத்தமல்லி கொண்டுவரும் செயலிகள். இத்தனைக்கும் நடுவே லாபம் வந்து பழைய நட்டம் கழிய வேண்டும். கழிந்தது கழிய, மிச்சம் கிடந்தது. அதைக் கழித்துக்கொள்ள எட்டாவது, கடைசி ஆண்டு எது தெரியுமா? 2023-24. அதாவது மிக்ஜாம் புயல் வந்த ஆண்டு.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் அதே முடிச்சூர், அதே வரதராஜபுரம், அதே தண்ணீர். முதல் வெள்ளத்தின் நட்டம் இரண்டாவது வெள்ளத்தில் மூழ்கிச் செத்தது. இப்படி ஒரு கதையை நான் எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார். காலண்டர் எழுதியிருப்பதால் யாரும் திருப்பி அனுப்ப முடியவில்லை.

இரண்டாவது வெள்ளத்துக்கு ஒரு கூடுதல் சிறப்பும் உண்டு. 2015-இல் ஜிஎஸ்டி இல்லை. 2023-இல் இருந்தது. அந்தச் சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது: சரக்கு தொலைந்தாலோ, திருடு போனாலோ, அழிந்தாலோ, அதற்கு வாங்கும்போது கட்டிய வரியை வரவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க்கு சோப்பும் ஷாம்பும் வாங்கி அன்றைய 18 சதவீத வரியைக் கட்டியிருந்தால் 18,000 ரூபாய். சோப்பு அடையாற்றோடு போயிற்று. வரி மட்டும் ஆற்றோடு போகக் கூடாது, கரையேறி வந்து கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளத்தில் நீந்தத் தெரிந்த ஒரே பொருள் வரிதான்.

*

இந்த இரண்டாவது நட்டம் 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 3 லட்சம். மைத்துனருக்குச் சேலையூரில் ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறது. அவர் ஆடிட்டரிடம் போகிறார். ஆடிட்டர் நல்ல மனிதர். சட்டத்தை அவர் எழுதவில்லை, வாசித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

"சார், என் பங்கு நஷ்டம் மூணு லட்சம். வீட்டு வாடகையில கழிச்சுக்கலாமா?"

"உங்க நஷ்டம் இல்லையே அது. ஃபர்மோட நஷ்டம்."

"கடைக்கு பேங்க்ல வாங்கின லோனு?"

"அது உங்க கடன்."

"ஃபர்ம் வரி கட்டலைன்னா?"

"நீங்க கட்டணும். உங்க அத்தான் கட்டணும். அக்காவும் கட்டணும். 188ஏ."

"அப்ப நஷ்டம் மட்டும் எப்படி சார் என்னோடது இல்லாமப் போச்சு?"

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆடிட்டர்கள் பதில் இல்லாதபோது அதைத்தான் செய்வார்கள்.

இதே கடையை மைத்துனர் தனியாளாக நடத்தியிருந்தால் அந்த நட்டத்தை வீட்டு வாடகையில் கழித்திருக்கலாம். கூட்டாக நடத்திய குற்றத்துக்குக் கழிக்க முடியாது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1992-க்கு முன், பதிவு பெற்ற ஃபர்மின் நட்டம் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவரவர் சொந்த வருமானத்தில் கழித்துக்கொண்டார்கள். ஆனால் அப்போது லாபத்துக்கு இரட்டை வரி: ஃபர்மும் கட்ட வேண்டும், பங்குதாரரும் கட்ட வேண்டும். 1992-இன் நிதிச் சட்டம் அந்த இரட்டை வரியை ஒழித்தது. ஃபர்ம் தனி ஆள், வரியை அதுவே கட்டும், பங்குதாரர் வாங்கும் லாபப் பங்குக்கு வரி இல்லை என்றது. நல்ல காரியம். குழந்தையைக் குளிப்பாட்டியது போல. ஆனால் குளிப்பாட்டிய கையோடு குழந்தையின் கழுத்துச் சங்கிலியையும் கழற்றிக்கொண்டார்கள்.

சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவில் இருப்பதால் அங்கே எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். அங்கே கூட்டு வியாபாரத்தின் நட்டம் சில வரம்புகளுக்கு உட்பட்டுப் பங்குதாரரோடு வீட்டுக்கு வரும்; அவருடைய மற்ற வருமானத்தில் கழியும். சுயதொழில் வரி என்று 15.3 சதவீதம் தனியாக உண்டு; அது முதுமைக் கால ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் போகிற காசு. நட்டம் வந்தால் அந்த வரி இல்லை. ஆனால் வரி கட்டாத ஆண்டு ஓய்வூதியக் கணக்கில் சேராதே என்று கவலைப்படுகிற நட்டக்காரர், வேண்டுமானால் ஒரு சிறு தொகைக்குத் தானாகவே அந்த வரியைக் கட்டி, கணக்கைத் தொடரலாம். வாழ்நாளில் ஐந்து முறை வரை அப்படிச் செய்ய இடம் உண்டு. கட்டுவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். அந்த நாட்டில் ஆயிரம் அக்கிரமம் இருக்கலாம். நட்டப்பட்டவனும் ஒருநாள் கிழவனாவான் என்பது மட்டும் அந்தப் படிவத்தை எழுதினவருக்குத் தெரிந்திருக்கிறது.

*

நமக்கும் விருப்பங்கள் உண்டு. சட்டம் கஞ்சத்தனம் செய்யவில்லை. வரிசையாகத் தட்டில் வைத்திருக்கிறது.

முதல் விருப்பம்: நட்டத்தை உள்ளபடி காட்டுவது. காட்டலாம். ஆனால் கெடு தேதிக்குள் காட்ட வேண்டும். மிக்ஜாம் ஆண்டுக்கு, ஆடிட் தேவைப்படாத கடைகளுக்கு, 2024 ஜூலை 31. ஆகஸ்ட் 1 காலையில் போனால் நட்டம் பட்டது உண்மை, ஆனால் சுமந்து செல்லும் உரிமை போச்சு. மன்னிப்புக் கேட்டு மனுப் போடும் வழி உண்டு. நட்டப்பட்டதற்கு மன்னிப்பு. லாபம் வந்தவன் தாமதமாக வந்தால் அபராதமும் வட்டியும் வாங்கிக்கொண்டு வரவேற்பார்கள். நட்டக்காரன்தான் நேரம் தவறாத கனவான் ஆக இருக்க வேண்டும்.

இரண்டாவது விருப்பம்: பேசாமல் நட்டத்தை மறைத்து லாபம் என்று சொல்லிவிடுவது. சிரிக்காதீர்கள், 44ஏடி என்று ஒரு பிரிவே இருக்கிறது. சிறு வியாபாரி பேரேடு எழுதிக் கஷ்டப்பட வேண்டாம். விற்பனையில் 8 சதவீதம், டிஜிட்டலில் வந்த பணத்துக்கு 6 சதவீதம் லாபம் என்று ஒத்துக்கொண்டால் போதும், கேள்வி இல்லை. எளியவர்க்கு எளிய வழி. கடைக்கு 60 லட்சம் விற்பனை, எல்லாம் ஜிபேயில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 சதவீதம், 3,60,000 ரூபாய் லாபம். இதே கணக்கைத் தனியாள் காட்டினால் இன்றைக்கு வரி பூஜ்யம். 12 லட்சம் வரை அவருக்குத் தள்ளுபடி. மூன்று பேர் கூட்டாகக் காட்டினால்? ஃபர்முக்கு அடிப்படை விலக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதன்மேல் செஸ், ஆக 31.2. வரி 1,12,320 ரூபாய். இல்லாத லாபத்துக்கு இருக்கிற காசு.

சரி, பங்குதாரர்களுக்குச் சம்பளம் கொடுத்து அதைக் கழித்துக்கொள்ளலாமே? முன்பு கழிக்கலாம். 2016-இன் நிதிச் சட்டம் அதையும் நிறுத்திவிட்டது. அதே 3,60,000 லாபத்தை முறையாகப் பேரேடு எழுதிக் காட்டினால், 90 சதவீதத்தைச் சம்பளமாகக் கழித்து, மிச்சம் 36,000-க்கு 11,232 ரூபாய் வரி. எளிய வழிக்கு 1,12,320. கடினமான வழிக்கு 11,232. பத்தில் ஒன்று. எளிமைக்கு இவ்வளவு விலை வைத்த தேசம் காந்தி பிறந்த தேசமாகத்தான் இருக்க முடியும்.

மூன்றாவது விருப்பம்: நட்டமானாலும் சம்பளம் எடுப்பது. இதற்கும் அனுமதி உண்டு. ஃபர்ம் நட்டத்தில் இருந்தாலும் உழைக்கும் பங்குதாரர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் வரை சம்பளம் கழிக்கலாம். 2024 பட்ஜெட்டுக்கு முன் அது ஒன்றரை லட்சம். இரண்டு பேர் உழைத்தால் ஆளுக்கு மாதம் 12,500. அக்காவுக்கு இல்லை; அவள்தான் தூங்குகிறாளே.

எடுக்கலாம். ஆனால் 2025 ஏப்ரல் 1-லிருந்து 194டி வந்துவிட்டது. பங்குதாரருக்கு ஃபர்ம் கொடுக்கும் சம்பளமோ வட்டியோ ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு டான் நம்பர் வாங்க வேண்டும். மாதம் மாதம் ஏழாம் தேதிக்குள் செலுத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை. அறிக்கை தாமதமானால், பிடித்த தொகையின் அளவு வரைக்கும், நாளுக்கு 200 ரூபாய். காசாகக் கொடுக்காமல் மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தம் உண்டு.

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். கல்லாவில் காசு இல்லை. ஆகவே சம்பளத்தைப் பேரேட்டில் மட்டும் எழுதிவைக்கிறார்கள். பேரேட்டுச் சம்பளத்துக்குக் கல்லாக் காசிலிருந்து வரி. ஆளுக்கு ஒன்றரை லட்சம் எழுதினால் 15,000. பிறகு அத்தானும் மைத்துனரும் தனித்தனியாக ரிட்டர்ன் போட்டு, ஐயா, எங்களுக்கு வரியே வராது, எங்கள் காசை எங்களுக்கே கொடுங்கள் என்று திரும்ப வாங்க வேண்டும். தன் இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு மாற்றும்போது நடுவில் ஒரு சோதனைச் சாவடி.

"அத்தான், சம்பளம் எழுதட்டா வேண்டாமா?"

"வேண்டாம் மாப்ளே. நாம சும்மாவே உழைச்சிருவோம். அதுக்கு இன்னும் வரி போடல."

*

இனித்தான் சட்டத்தின் உச்சக்கட்டம். 78-ஆவது பிரிவு.

பங்குதாரர் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ, சுமந்து வந்த நட்டத்தில் அவர் பங்கை, அந்த ஆண்டு லாபத்தில் அவருக்குச் சேரும் பங்கு போக மிச்சத்தை, ஃபர்ம் அதற்குமேல் சுமக்கக் கூடாது. ஆள் போனால் அவர் பங்கு நட்டமும் போயிற்று. அத்தான் ஒரு நாள் விடியற்காலையில் சரக்கெடுக்கப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று வையுங்கள். கருமாதி முடிந்து கடையைத் திறந்தால், 9 லட்சம் நட்டத்தில் அவருடைய 3 லட்சம் ஆவியாகியிருக்கும். அரிசி நனைந்தது நிஜம், மூட்டை பிரித்து ரோட்டில் கொட்டியது நிஜம், அதற்கு வாங்கிய கடன் இன்றும் நிஜம். நட்டம் மட்டும் பொய்.

ஆனால் அத்தான் பங்குதாரராக இருந்த ஆண்டுகளுக்கு ஃபர்ம் கட்ட வேண்டிய வரிப் பாக்கி ஏதும் இருந்தால்? அது ஆவியாகாது. 188ஏ பிரிவின்படி இறந்த பங்குதாரரின் சட்டப் பிரதிநிதியும் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு. பிரதிநிதி யார்? அக்கா. கல்லாவில் தூங்காமல் தூங்கிய அதே அக்கா. புருஷனின் வரிக்கு அவள் வாரிசு. புருஷனின் நட்டத்துக்கு அவள் யாரோ.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று கீழக்கரை வள்ளலை நாம் முந்நூறு வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறோம். அவர் மனசால் கொடுத்தார். நம் சட்டம் முடிச்சூர்ச் சாலை மளிகைக்காரரைக்கூடச் சீதக்காதி ஆக்கிவிடுகிறது, அவர் சம்மதம் கேட்காமலே.

எல்லா நட்டமும் இப்படித்தான் சாகிறதா என்றால், இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் பங்குதாரர்கள் அத்தனை பேரும் காலையில் விற்று மாலையில் புதிய ஆட்கள் வந்துவிட்டாலும் கம்பெனியின் நட்டம் பத்திரமாக இருக்கும். ஒரு தொழில் கம்பெனி இன்னொன்றோடு இணைந்தால், நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால், பழைய கம்பெனியின் நட்டம் புதியதற்குச் சீதனமாகப் போகும். நட்டத்துக்கும் ஜாதி இருக்கிறது. உயர்ந்த ஜாதி நட்டத்துக்கு மறுபிறப்பு. மளிகைக் கடை நட்டத்துக்கு மின்மயானம்.

தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இருக்கும் ஏற்றுமதி வளாகத்தை நாம் மெப்ஸ் என்கிறோம். பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்ட இடம், மறுக்கவில்லை. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில், 10ஏஏ பிரிவின் கெடுவுக்குள் தொடங்கிய தொழிலுக்கு ஏற்றுமதி லாபத்தில் முதல் ஐந்து ஆண்டு முழு வரி விலக்கு, அடுத்த ஐந்து ஆண்டு பாதி. லாபத்துக்கு அங்கே சலுகை. சில கிலோமீட்டர் தள்ளி முடிச்சூரில் நட்டத்துக்குக் கெடு. 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனிகளுக்கான வரியை, வேறு சலுகை கேட்காதவர்களுக்கு, 22 சதவீதமாகக் குறைத்தார்கள். அதனால் அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வரவு குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். அத்தான், மைத்துனர், அக்கா கூட்டுக்கு 30 சதவீதம் அப்படியே நிற்கிறது. அந்த அறிவிப்பில் ஃபர்ம் என்ற சொல்லைத் தேடாதீர்கள், கண் வலிக்கும்.

அரசு யாருடைய நட்டத்திலும் பங்காளி ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. வோடஃபோன் ஐடியா கட்ட வேண்டிய பாக்கியில் 2023-இல் 16,133 கோடியையும் 2025-இல் 36,950 கோடியையும் பங்குகளாக மாற்றிக்கொண்டு, ஏறத்தாழ 49 சதவீதப் பங்குதாரராக உட்கார்ந்திருக்கிறது மத்திய அரசு. பாக்கியை மன்னிக்கவில்லை, பங்காக வாங்கிக்கொண்டோம் என்பார்கள். சந்தோஷம். முடிச்சூர்க் கடையும் ஜிஎஸ்டி பாக்கிக்கு அரை மூட்டைப் பொன்னியைப் பங்காகக் கொடுக்கத் தயார். வாங்கிக்கொள்வாரா அதிகாரி?

*

அத்தான் போன பிறகு அக்காவுக்கு என்ன மிச்சம்? பங்குதாரர் தொழிலாளி இல்லை. ஆகவே பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது. சிறு வணிகர்களுக்கென்று 2019-இல் ஓர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. அறுபது வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். சேர நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும், வருமான வரி கட்டுகிறவராக இருக்கக் கூடாது. அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் 2022 அக்டோபர் முதல் வருமான வரி கட்டுவோர் புதிதாகச் சேர முடியாது. வரி கட்டினால் ஓய்வூதியம் இல்லை. இதையும் அமெரிக்கக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நட்டக்காரன் முதுமைக்காக வரி கட்ட அனுமதி. இங்கே வரி கட்டியதற்காக முதுமைக்குத் தண்டனை.

1961-ஆம் ஆண்டின் சட்டம் பழசாகிவிட்டது, 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் என்று கொண்டாடினார்கள். 536 பிரிவுகள். வாக்கியங்கள் சுருங்கின, எண்கள் மாறின. நான் பழைய எண்களையே சொல்லியிருக்கிறேன். உதை வாங்கின ஆளுக்குப் பழைய செருப்பின் நம்பர்தான் ஞாபகம் இருக்கும்.

கேட்பது ஒன்றும் பெரிசில்லை. கடனுக்கு ஓருடல் என்றால் நட்டத்துக்கும் ஓருடல் என்று சொல்லுங்கள். அல்லது நட்டத்துக்கு வேற்றாள் என்றால் வரிப் பாக்கிக்கும் வேற்றாள் என்று சொல்லுங்கள். இறந்தவரின் வரிக்கு வாரிசாக நிற்கிறவளை அவர் நட்டத்துக்கும் வாரிசாக நிற்க விடுங்கள். கல்லாவில் உட்காரும் கூட்டுக்கும் தனியாளைப் போல ஒரு விலக்கு வரம்பு கொடுங்கள். அத்வைதமோ துவைதமோ, ஏதாவது ஒரு நாமத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். வசூலுக்கு ஒன்று, நிவாரணத்துக்கு ஒன்று என்று எங்கள் நெற்றியில் போடாதீர்கள்.

நம் ஊரில் நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று அது ஓடும். அத்தானும் அப்படித்தான் அளந்தார், படியைத் தலைதட்டி. சட்டமும் அதே மரக்காலைத்தான் கையில் எடுத்திருக்கிறது. லாபம் என்று உரக்கச் சொல்கிறது. ரெண்டு வரும் என்று அக்கா கோணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.